இளமையும் காதலும் இரத்த நோயும்



அப்புத்தளைக் கடைத்தெருவைக் கடந்து தெற்கு நோக்கிச் சிறிது தூரம் நடந்தால், நிலம் திடீரென்று முடிந்துவிடுவதைக் காண்கிறோம். காலடியிலே தேயிலைச் சரிவு. அதற்குக் கீழே காடுகள். அதற்கும் அப்பால் வெல்லவாயப் பக்கத்துச் சமவெளி. மூடுபனி விலகிய காலைப்பொழுதில், அச்சமவெளியின் எல்லையிலே கடல் ஒரு வெள்ளிக் கம்பியைப் போல மின்னுவதும் உண்டு. அந்தக் கடலின் பெயரைத் தாங்கிய நோய் ஒன்று இருக்கிறது. கிரேக்க மொழியில் 'தலாசா' என்றால் கடல். 'ஹைமா' என்றால் இரத்தம். இரண்டையும் சேர்த்துத் 'தலசீமியா' என்று 1932ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் இருவர் பெயரிட்டனர். இந்நோயோடு பிறந்த பிள்ளைகள் வளர்ந்து, பதினாறு பதினேழு வயதில், மற்றப் பிள்ளைகளைப் போலவே ஒருவரை விரும்பத் தொடங்கும்போது என்ன நேர்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

சாவை எதிர்நோக்கி நிற்கும் காதல் நமக்குப் புதிய செய்தியன்று. வெள்ளித்திரை அதனை நமக்கு நன்றாகவே பழக்கிவைத்திருக்கிறது. 1962இல் வெளிவந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' முழுவதும் ஒரு வைத்தியசாலைக்குள்ளேயே நிகழ்கிறது. 1982இல் 'வாழ்வே மாயம்' வந்தது. 1989இல் தெலுங்கில் 'கீதாஞ்சலி'யாக வந்து, தமிழில் 'இதயத்தைத் திருடாதே' என்று பெயர்பெற்ற படத்திலே, காதலர் இருவருமே மரணத்தின் நிழலில் நிற்கிறார்கள். இப்படங்களைப் பார்த்து அழாதவர் அரியர், நானும் அழுதவனே. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். திரையிலே வரும் நோய்க்கு நேர அட்டவணை இல்லை. பேருந்துக் கட்டணம் இல்லை. வைத்தியசாலை வாங்கில் காத்திருக்கும் ஆறு மணி நேரம் இல்லை. வெண்ணிறக் கைக்குட்டையில் ஒரு துளி இரத்தம். அதன்பின் ஒரு பாட்டு. உண்மையான நோய் இவ்வளவு சுத்தமாக வருவதில்லை.

உண்மையில் நடந்தவை இரண்டை நினைத்துப் பார்ப்போம்.

முதலாவது, ஆங்கிலக் கவிஞர் ஜோன் கீற்ஸ் அவர்களுடையது. 1818ஆம் ஆண்டிலே ஃபானி பிரோன் என்ற பெண்ணை அவர் சந்தித்தபோது அவளுக்கு வயது 18, அவருக்கு 23. இலண்டனின் ஹாம்ஸ்டெட் பகுதியில் கீற்ஸும் ஃபானியின் குடும்பத்தாரும் ஒரே கட்டடத்தின் இரு பாகங்களில் சில காலம் குடியிருந்தனர். கீற்ஸ் கவிஞராகுமுன் வைத்தியம் பயின்று 1816இல் தகுதிச் சான்று பெற்றவர். தம்பி காசநோயால் இறக்கும்வரை பக்கத்திலிருந்து பார்த்தவர். ஆகவே 1820 பெப்ரவரியில் தாமே இரத்தம் கக்கியபோது, அதன் நிறத்தைக் கண்டே முடிவை அறிந்துகொண்டார். மணம் நடைபெறவில்லை. இத்தாலியின் இளவெயில் நலம் தரும் என்று நண்பர்கள் உரோமுக்கு அனுப்பினர். அங்கே ஃபானியின் கடிதங்களைப் பிரித்துப் படிக்கவும் அவருக்கு மனவலிமை இருக்கவில்லை. 1821 பெப்ரவரி 23ஆம் நாள் அவர் மறைந்தபோது, பிரிக்கப்படாத அக்கடிதங்களையும் உடன்வைத்தே அடக்கம் செய்தனர்.

இரண்டாவது நமக்கு நெருங்கியது. கணித மேதை சீனிவாச இராமானுஜன் அவர்களுக்கு 1909இல் மணம் நிகழ்ந்தபோது, மணப்பெண் ஜானகிக்குப் பத்து வயது. அக்காலத்து வழக்கம் அது. சென்னையில் இருவரும் சேர்ந்து வாழ்ந்தது மிகச் சில காலமே. 1914 மார்ச்சில் கணவர் கேம்பிரிட்ஜ் சென்றார். ஜானகியின் பதினைந்தாம் வயதிலிருந்து இருபதாம் வயதுவரை, அதாவது நாம் இளமைக் காதலின் பருவம் என்று கூறும் ஐந்தாண்டுகளும், காத்திருப்பிலேயே கழிந்தன. தான் எழுதிய கடிதங்கள் கணவரைச் சேரவிடாமல் வீட்டிலேயே நிறுத்தப்பட்டன என்று பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். 1919இல் இராமானுஜன் திரும்பியபோது, இங்கிலாந்துக் காசநோய் விடுதிகளில் படுத்தெழுந்து எலும்பும் தோலுமாகியிருந்தார். எஞ்சியிருந்தது ஓராண்டுக்குச் சற்று மேல். அந்த ஓராண்டும் ஜானகி அவருக்கு ஒத்தடம் கொடுத்தார். வேளைதோறும் மோர் கொடுத்தார். அவர் எழுதித் தள்ளிய தாள்களைச் சேர்த்துவைத்தார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் அவர் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 32, ஜானகிக்கு 21. இறுதி ஆண்டின் தாள்கள் பின்னர் பல கைகள் மாறி, 1976இல் கேம்பிரிட்ஜ் நூலகம் ஒன்றிலே மீண்டும் கண்டெடுக்கப்பட்டு, இன்று 'தொலைந்த குறிப்பேடு' என்று கணித உலகம் முழுவதும் அறியப்படுகின்றன. ஜானகி அம்மையார் தையற்கலை கற்றுத் தம் காலில் நின்று, ஒரு சிறுவனைத் தத்தெடுத்து வளர்த்து, 1994வரை சென்னையில் வாழ்ந்தார்.

இவ்வரலாற்றில் என்னை அமைதியிழக்கச் செய்யும் செய்தி வேறொன்று. இராமானுஜனுக்கு இருந்தது காசநோய் என்றே அன்று எல்லோரும் நம்பினர். 1994இல் ஆங்கில வைத்தியர் ஒருவர் பழைய குறிப்புகளையெல்லாம் ஆராய்ந்து, அது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கவேண்டும் என்று எழுதினார். அவர் கருத்துச் சரியாயின், அது அன்றைக்கே மருந்துள்ள நோய். நோயின் பெயரைச் சரியாக அறியாமையால் ஓர் இளம்பெண் தன் கணவரை இழந்திருக்கக்கூடும். பெயர் தெரிவது அவ்வளவு பெரிய காரியம்.

காசநோயின் பிற்காலக் கதை நமக்கெல்லாம் ஆறுதல் தருவது. 1882இல் கொக் அதன் கிருமியைக் கண்டார். 1943இல் ஸ்ரெப்ரோமைசின் மருந்து கிடைத்தது. அப்போதும் நோயாளரைக் குடும்பத்திலிருந்து பிரித்து மலைமேல் விடுதிகளில் வைப்பதே முறையாக இருந்தது. கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம். இம்முறையை உடைத்தது எந்த ஊர் என்று நினைக்கிறீர்கள்? அதே சேத்துப்பட்டுத்தான். 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையம், ஏழைக் குடிகளைச் சேர்ந்த நோயாளரை இரு கூட்டமாகப் பிரித்தது. ஒரு கூட்டத்தார் விடுதியில் நல்ல உணவோடும் ஓய்வோடும் ஓராண்டு மருந்துண்டனர். மற்றக் கூட்டத்தார் தம் குடிசைகளிலேயே, நெருக்கடியிலும் அரைவயிற்றிலும் அதே மருந்தை உண்டனர். 1959இல் முடிவு வெளியாயிற்று: இரு கூட்டத்தாரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர்; வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்தாருக்கு மிகுதியாக நோய் பரவவும் இல்லை. ஒழுங்காக மருந்துண்டால் பிரிவு வேண்டியதில்லை என்பது உலகுக்குத் தெரிந்தது. எத்தனையோ இளந்தம்பதியரைச் சேர்த்துவைத்த ஆராய்ச்சி அது. அதற்கு ஒரு பாட்டும் இல்லை, படமும் இல்லை.

இனித் தலசீமியாவுக்கு வருவோம்.

நம் இரத்தத்திலுள்ள செங்குழியங்களுக்குள் ஈமோகுளோபின் என்ற பொருள் இருக்கிறது. மூச்சுக்காற்றிலுள்ள ஒட்சிசனை உடல் முழுவதும் சுமந்து செல்வது அதுவே. அதனை ஆக்கும் பரம்பரையலகு ஒன்றைத் தாயிடமிருந்தும் ஒன்றைத் தந்தையிடமிருந்தும் பெறுகிறோம். இரண்டில் ஒன்று பழுதாயினும் மற்றது வேலையைச் சமாளித்துக்கொள்ளும். அவ்வாறு ஒரு பழுதை மட்டும் சுமப்பவரைக் 'காவி' என்கிறோம். காவிக்கு நோயில்லை. கொழுந்துக் கூடையோடு மலையேறுவார். நூறு வயதும் வாழ்வார். தாம் காவி என்பதே பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. ஆனால் காவிகள் இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கிலொரு பங்கு அபாயம் உண்டு: இரு பழுதுகளும் சேர்ந்து வரலாம். அப்பிள்ளையே தலசீமியா நோயாளி. நான்கு பிள்ளைகளில் ஒன்றுக்கு வரும் என்று இதனைப் பொருள்கொள்ளலாகாது. ஒவ்வொரு பிறப்பும் புதிதாகச் சீட்டுக் குலுக்குவதைப் போன்றது. மூன்று பிள்ளைகளும் நோயின்றிப் பிறந்த வீடும் உண்டு. இரண்டு பிள்ளைகளும் நோயோடு பிறந்த வீடும் உண்டு.

இப்பழுது மனித குலத்தில் ஏன் நிலைத்தது என்பது ஒரு விந்தை. மலேரியாக் காய்ச்சல் காவிகளைச் சற்றே குறைவாகக் கொல்கிறது. ஆகவே தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சல் நிலங்களிலே காவிகள் பெருகினர். மத்தியதரைக் கடலோரம், இந்தியா, தென்கிழக்காசியா, நம் இலங்கையின் தாழ்நிலம் எல்லாம் அத்தகைய நிலங்களே. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோன கொள்ளைக்காய்ச்சலை முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2016இல் இந்நாட்டில் மலேரியா ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. காய்ச்சல் போய்விட்டது, அதற்கு எதிராக நம் முன்னோரின் இரத்தம் கட்டிய வேலி மட்டும் நம்முள்ளே நிற்கிறது. நாடு முழுவதையும் கணக்கிட்டால் நூற்றுக்கு இருவர் அளவில் காவிகள் உள்ளனர் என்று ஆராய்ச்சி கூறுகிறது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடு இரத்தத்துக்குத் தெரியாது. 'ஈமோகுளோபின் ஈ' என்ற வேறொரு மாற்றமும் நம் நாட்டில் உண்டு. தலசீமியாக் காவி ஒருவர் அம்மாற்றமுடைய ஒருவரை மணந்தாலும் பிள்ளைக்கு நோய் வரலாம். அவ்வகை நோய் சிலரிடம் கடுமையாகவும், சிலரிடம் மிக இலேசாகவும் காணப்படுகிறது.

சிகிச்சையில்லாத காலத்தில் கடுமையான நோயுடைய குழந்தைகள் ஐந்து வயதைக் காண்பதே அரிது. பின்னர் மாதந்தோறும் இரத்தம் ஏற்றும் முறை வந்தது. குழந்தைகள் பிழைத்தனர், பள்ளிக்கூடம் சென்றனர். ஆனால் ஒவ்வொரு பை இரத்தத்தோடும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உடலுக்குள் செல்கிறது. மனித உடலுக்கு இரும்பை வெளியேற்ற வழி கிடையாது. அது ஈரலில் படிந்தது, சுரப்பிகளில் படிந்தது, இறுதியில் இதயத்தில் படிந்தது. இவ்வாறு, ஐந்து வயதில் வரவேண்டிய சாவு பதினாறிலும் பதினெட்டிலும் வந்தது. எப்படிப்பட்ட வயது பாருங்கள்! 1960களிலும் 1970களிலும் உலகெங்கும் தலசீமியாப் பிள்ளைகள் இறந்தது, மனம் மலரத் தொடங்கும் அப்பருவத்திலேதான்.

இரும்பை வெளியேற்றும் மருந்து 1960களிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. 1970களின் பிற்பகுதியில் அதனைத் தோலுக்கடியில் மெதுவாகச் செலுத்தும் முறை வந்தது. உள்ளங்கையளவு சிறு இயந்திரம். வயிற்றுத் தோலில் ஓர் ஊசி. இரவு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். வாரத்தில் ஐந்தாறு இரவுகள். இதனைத் தவறாது செய்தவர்கள் முப்பது, நாற்பது, ஐம்பது வயதுக்கு வந்திருக்கிறார்கள்; மணம் முடித்துப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். 2005முதல் வாயால் உட்கொள்ளும் நல்ல மாத்திரையும் உண்டு. பொருத்தமான உடன்பிறப்புக் கிடைத்தால் எலும்பு மச்சை மாற்றிச் சிலரை முற்றாகவே குணப்படுத்த இயலும். 'சாகப்போகிற பிள்ளை' என்ற பழைய சொல் இன்று பெரும்பாலும் பொய்யாகிவிட்டது. ஆனால் அச்சொல் இன்னும் பல வீடுகளில் குடியிருக்கிறது.

ஒரு பெண்ணை மனத்தில் கற்பனை செய்துகொள்வோம். அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே, லயன் காம்பரா ஒன்றிலே, அவள் வளர்கிறாள். வயது 17. சாதாரண தரப் பரீட்சை எழுதியிருக்கிறாள். மாதம் ஒருநாள் தாய் கொழுந்துக்குப் போகாமல், அன்றைய பேரை இழந்து, மகளை அழைத்துக்கொண்டு பண்டாரவளை வழியாகப் பதுளை வைத்தியசாலைக்குச் செல்கிறாள். தாயும் மகளும் விடிகாலையில் புறப்பட்டு விளக்கு வைத்தபின் திரும்புகிறார்கள். வகுப்பில் தோழியர் வளர்ந்துவிட்டனர். இவளைப் பார்த்தால் பன்னிரண்டு வயதுச் சிறுமி என்றே தோன்றுகிறது. இதற்குக் காரணம் உண்டு. மூளைக்கு அடியிலுள்ள சுரப்பியில் இரும்பு படிந்தால், பருவத்துக்குரிய வளர்ச்சி தடைப்படும். இரத்தம் போதாதபோது எலும்பு மச்சை பெருத்துக் கன்ன எலும்புகளும் சற்றுப் புடைக்கும். கண்ணில் மஞ்சள் தெரியும். உடல் பின்தங்குகிறது, மனமோ பின்தங்குவதில்லை. பதினேழு வயது மனத்துக்குப் பதினேழு வயதுதான். பெற்றோரும், சில வேளைகளில் வைத்தியரும்கூட, மறந்துவிடுவது இதனையே. சிறுமியைப் போலத் தோன்றுபவளைச் சிறுமியாகவே நடத்துகிறார்கள். அவளுக்கு முன்னால் அவள் நோயைப் பற்றி அவளைக் கேளாமலே பேசுகிறார்கள். பருவ வளர்ச்சி தடைப்பட்டால் அதற்கும் மருந்துண்டு. ஆனால் காலத்தில் கேட்டால்தான் பயன். கேட்பதற்கு அவளுக்கு வெட்கம், தாய்க்கும் வெட்கம்.

அவள் ஒருவனை விரும்புகிறாள் என்றும் வைத்துக்கொள்வோம். அடுத்த லயத்துப் பையன், வயது 19, கொழும்பிலே கடையொன்றில் வேலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வருகிறவன். கைத்தொலைபேசியில் இரவு நேரம் பேசிக்கொள்கிறார்கள். அவளுக்கு நோயென்று அவனுக்குத் தெரியாது. மாதம் ஒருநாள் எங்கே போகிறாய் என்று கேட்டால், பதுளையில் அத்தை வீடு என்கிறாள். பின்னர் ஒரு மாதம் அவள் போகவில்லை. இரவிலே ஊசியைக் குத்திக்கொள்வதில்லை. தாய்க்குத் தெரியாமல் மருந்துக் குப்பி அப்படியே கிடக்கிறது.

இது கற்பனையாயினும், இதன் உட்பொருள் கற்பனையன்று. சிறுவயதில் தாய் சொற்படி ஒழுங்காகச் சிகிச்சை பெற்ற பிள்ளைகள் பதின்ம வயதிலேதான் அதனைக் கைவிடுகிறார்கள் என்பது எல்லா நாட்டுத் தலசீமியா வைத்தியர்களும் கண்ட உண்மை. மற்றவரைப் போல இருக்கவேண்டும் என்ற ஆசையே முதற்காரணம். இரும்பின் கொடுமை உடனே தெரிவதில்லை, மாதங்கள் ஓடும், ஆண்டும் ஓடும், ஒருநாள் இதயம் தடுமாறும். மறைத்துவைத்த காதல் மருந்தையும் மறைக்கச்செய்கிறது. நோயைக் கண்டு காதலுக்கு ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். பல வேளைகளில் காதலை மறைப்பதாலேயே உயிருக்கு ஆபத்து வருகிறது.

"இதுக்கெல்லாம் இது எதுக்கு? இருக்கிற நாளைக்கு நல்லா இருக்கட்டும்" என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்கிறோம். அன்பினால் சொல்லும் சொல்தான். எனினும் அதற்குள்ளே ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. இவளுக்கு நாளை இல்லை என்ற தீர்ப்பு அது. நாளை இல்லாதவள் இன்றிரவு ஏன் ஊசி குத்திக்கொள்ளவேண்டும்? எனக்குத் தோன்றுவது இதற்கு நேர்மாறானது. ஒருவனிடம் இவள் உண்மையைச் சொல்லி, அவன் அதனைக் கேட்டபின்னும் இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில், "ஊசி போட்டாச்சா?" என்று கேட்பானேயானால், அது ஒரு வைத்தியர் எழுதித் தரும் எந்தச் சீட்டுக்கும் குறைந்ததன்று. அவன் கேளாமல் விலகிப்போனால் வலிக்கும். அவ்வலியும், அவள் தன் உடலை அறிந்து பேசிய முதல் நாளின் விலை என்றே கொள்ளவேண்டும். சட்டப்படி மணத்துக்குரிய வயது 18; அதற்குள் ஓடிப்போகவேண்டிய அவசரம் இருவருக்கும் இல்லை.

மறைத்தல் என்பது தோட்ட மக்களுக்கு மட்டும் உரிய குணம் என்று எண்ணிவிடாதீர்கள். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற டேவிட் வெதரால் என்ற வைத்தியர், 1950களின் இறுதியில் சிங்கப்பூரில் பிரித்தானியப் படையில் பணியாற்றினார். அங்கே கூர்க்காப் படைவீரர் ஒருவரின் குழந்தைக்குத் தலசீமியா இருப்பதைக் கண்டுபிடித்து, அதனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பாராட்டுக் கிடைத்ததா? படைவீரர் குடும்பத்தில் பரம்பரை நோய் உண்டென்று வெளியிட்டதற்காக மேலதிகாரிகள் அவர்மீது சினந்தனர்! ஒரு பேரரசின் படையே வெட்கப்பட்ட செய்தியை லயத்துத் தாய் ஒருத்தி வெட்கப்பட்டு மறைத்தால் அவளைக் குறைகூற நமக்கு என்ன உரிமை? அதே வெதரால் பிற்காலத்தில் இலங்கை வைத்தியர்களோடு சேர்ந்து நம் நாட்டு நோயாளரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இயங்குகிறது. நம் ஊவாப் பகுதிக்குப் பதுளையே சிகிச்சைக்குரிய இடம்.

இனிக் கணக்குக்கு வருவோம். தமிழ்க் குடும்பங்களில் மாமன் மகளையும் அத்தை மகனையும் மணப்பது உரிமை என்று கருதப்படுகிறது. தோட்டங்களில் முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்ற பேச்சோடேயே பிள்ளைகள் வளர்கிறார்கள். காதலும் பெரும்பாலும் அந்த முறைக்குள்ளேயே முளைக்கிறது. நான் மேலே சொன்ன பெண்ணுக்கு நோயில்லாத அண்ணன் ஒருவன் இருக்கிறான் என்று கொள்ளுங்கள். அவன் காவியாக இருப்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு இடமுண்டு. அவனுடைய மாமன் மகள் காவியாக இருப்பதற்கு நான்கில் ஒரு பங்கு இடமுண்டு. இருவரும் காவியாக இருக்க ஆறில் ஒரு பங்கு. அவன் வெளியிலே ஒரு பெண்ணை மணந்தால், நூற்றுக்கு இருவர் என்ற கணக்கின்படி அது எழுபத்தைந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. முறைமணம் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. நோயாளியுள்ள குடும்பத்திலே முறைமணம் பேசுமுன் இரு பக்கத்தாரும் இரத்தம் பார்த்துக்கொள்ளவேண்டும் என்கிறேன். சாதகம் பார்க்கும் நேரத்தில் கால்வாசி போதும்.

சோதனை எளியது. ஒரு சிறு குப்பி இரத்தம். செங்குழியங்கள் வழக்கத்தைவிடச் சிறியனவா என்று முதலில் பார்ப்பார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். மலையகப் பெண்கள் பலருக்கு உணவுக் குறைவால் இரும்புச்சத்துக் குறைந்திருக்கிறது. அப்போதும் செங்குழியங்கள் சிறுத்தே காணப்படும். ஆகவே முதற்சோதனையோடு நின்றுவிடாமல், ஈமோகுளோபினை வகைபிரித்துப் பார்க்கும் இரண்டாம் சோதனையையும் கேட்டுப் பெறவேண்டும். மேலே சொன்ன 'ஈமோகுளோபின் ஈ' மாற்றமும் முதற்சோதனையில் தப்பிவிடக்கூடும், இரண்டாவதில் தப்பாது. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும்; முடிவு மாறுவதில்லை. இதற்குரிய நல்ல காலம், மணப்பேச்சுத் தொடங்கியபின் அன்று. பேச்சுக்கு முன்னர், பள்ளி முடிக்கும் வயதில். நம் நாட்டுச் சட்டம் தாயின் உயிரைக் காக்க அன்றி வேறு காரணத்துக்காகக் கருவைக் கலைக்க இடமளிப்பதில்லை. கருவுற்றபின் அறிவதால் பெற்றோருக்குக் கவலையன்றி வேறு வழி குறைவு. ஆகவே அறியவேண்டியதை முன்னரே அறிந்துகொள்வது நலம்.

"அறிந்துவிட்டால் காதலர் பிரியவேண்டுமே" என்பார்கள். சைப்பிரசு என்ற சிறு தீவிலே ஏழுபேரில் ஒருவர் அளவில் காவிகள். அங்கே 1983முதல் மணத்துக்கு முன் சோதனைச் சான்று வேண்டும் என்று திருச்சபையே விதித்தது. இருவரும் காவிகள் என்று அறிந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிரியவில்லை, அறிந்தே மணந்தனர். அங்குள்ள சட்டமும் வசதியும் வேறு என்பது உண்மை. இங்கே இருவர் காவிகள் என்று அறிந்தால், சிலர் பிரிவர். சிலர் மணந்து பிள்ளையைத் தத்தெடுப்பர். சிலர் நான்கிலொரு பங்கு அபாயத்தை ஏற்றுக்கொண்டு, பிறக்கும் பிள்ளைக்கு முதல் மாதத்திலிருந்தே சிகிச்சைக்கு ஆயத்தமாக இருப்பர். எதைச் செய்தாலும் கண் திறந்து செய்வர்.

நோயாளியான நம் பதினேழு வயதுப் பெண்ணின் கணக்கோ வேறு. பலர் இதனை அறியார். அவள் காவியல்லாத ஒருவனை மணந்தால், அவள் வயிற்றில் பிறக்கும் பிள்ளை ஒன்றுக்கும் நோய் வராது. பிள்ளைகள் எல்லாரும் காவிகளாக இருப்பர், அவ்வளவே. அவளுடைய இதயமும் ஈரலும் நல்ல நிலையில் இருந்தால், வைத்தியர் மேற்பார்வையில் அவள் தாயாகவும் கூடும். ஆகவே கொழும்பிலிருந்து வரும் அந்தப் பையன் செய்யவேண்டிய முதற்காரியம், ஒருநாள் அவளோடு பதுளைக்குப் போய்த் தன் இரத்தத்தையும் கொடுத்துப் பார்த்துக்கொள்வது.

அவன் போனால், இன்னொரு செய்தியையும் அங்கே கேட்பான். 18 வயது நிரம்பிய, உடல்நலமுள்ள எவரும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை இரத்ததானம் செய்யலாம். அதாவது ஆண்டில் மூன்று முறை. அவளுக்கோ மாதந்தோறும் ஒன்றோ இரண்டோ பை வேண்டும். எவ்வளவு அன்பிருந்தாலும் அவன் ஒருவன் அவளுக்குப் போதாது. அவன் கொடுக்கும் பையும் பெரும்பாலும் அவளைச் சேராது. இரத்த வங்கியினூடாக முகமறியாத யாரோ ஒருவரைச் சேரும். அவளுக்கு வரும் பை, மகியங்கனையில் ஒரு பௌத்த விகாரையிலோ, பண்டாரவளையில் ஒரு பாடசாலை மண்டபத்திலோ, வரிசையில் நின்று கை நீட்டிய எவரோ கொடுத்ததாக இருக்கும். அதன்மேல் இரத்தவகையும் இலக்கமும் நாளும் எழுதியிருக்கும், பெயர் எழுதியிருக்காது.